நீதிமன்றத்தில் நின்ற ஆசிரியர்

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



கோபத்தை அடக்குவது, பிறர் துயரை உணர்வது, விட்டுக்கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, மன்னிப்பது ஆகிய குணங்களைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பற்றிப் பேசுமாறு நீங்கள் என்னைப் பணித்திருக்கிறீர்கள். கேள்வி நல்லதுதான். ஆனால் அந்தக் குணங்கள் யாவும் கற்பிக்கிறவர்களிடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன என்றும், அவற்றைக் குழந்தைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் உபாயம் ஒன்றுதான் நமக்குத் தெரியவில்லை என்றும் ஓர் அனுமானம் அந்தக் கேள்விக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. தம்பியை அடிக்காதே என்று சொல்லிக்கொண்டே அண்ணனை அடிக்கிற தகப்பனாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் தீயவர் அல்லர், தாம் உபதேசிக்கும் பாடத்தைத் தாம் ஒருநாளும் பயின்றிராதவர். குழந்தையும் பெரியவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அந்தப் பாடத்தைப் பயின்றாலன்றி இருவருக்குமே அது கைவராது என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். அதை வெறும் அபிப்பிராயமாக உங்கள் முன்னே வைத்துவிட்டுப் போகாமல், முப்பது ஆண்டுக்காலம் நடத்திக் காட்டிய ஒரு வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சா அப்பொழுது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. அந்நகரத்தின் குரோக்மால்னா தெருவில், 92ஆம் இலக்கத்தில், யூத அநாதைக் குழந்தைகளுக்கென்று 1912ஆம் ஆண்டில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நூறு சிறுவர் சிறுமியர் அங்கே வாழ்ந்தார்கள். அதன் தலைமையை ஏற்றவர் ஒரு வைத்தியர். ஹென்ரிக் கோல்ட்ஷ்மித் என்பது அவருடைய இயற்பெயர். யானுஷ் கோர்ச்சாக் என்ற புனைபெயரால்தான் போலந்து தேசம் அவரை அறிந்திருந்தது. வழக்கறிஞராயிருந்த தந்தை சித்தம் கலங்கி மாண்டுபோக, மாணவப் பருவத்திலேயே பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். பின்னர்க் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். ருஷ்ய ஜப்பானிய யுத்தத்தில் படை மருத்துவராகச் சென்று மீண்டார். எழுத்தாளராகவும் பெயர் பெற்றார். வருமானமும் கீர்த்தியும் தரத்தக்க மருத்துவ உத்தியோகத்தை விட்டு இல்லத்துக்கு வந்து, அதன் மேல்மாடத்து அறையொன்றில் நெடுங்காலம் வாழ்ந்தார். பெல்ஜியத்தில் இயற்கை விஞ்ஞானம் பயின்று திரும்பிய ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அன்றாட நிர்வாகத்தை மேற்கொண்டார். கோர்ச்சாக்கைப் போற்றுகிறவர்கள் இந்த அம்மையாரை மறந்துவிடுவது வழக்கமாகப் போய்விட்டது. முதல் உலக யுத்தத்தின்போது கோர்ச்சாக் போர்முனையில் கழித்த ஆண்டுகளில், அந்த இல்லம் சிதைந்துபோகாமல் காத்தவர் அவரே என்பதை இங்கே சொல்லிவைப்பது என் கடமை.

அங்கே வந்து சேர்ந்த குழந்தைகளை நீங்கள் சற்றே மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். தாயையோ தந்தையையோ, இருவரையுமோ இழந்தவர்கள்; வறுமை மிகுந்த சந்துகளில் வளர்ந்தவர்கள்; பொய்யும் கைவலிமையுமே உயிரைக் காக்கும் கருவிகள் என்று அனுபவத்தால் அறிந்தவர்கள். இல்லத்தின் முதல் ஆண்டு மிகக் கடுமையானதாக இருந்தது என்று கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். அன்பாயிருங்கள் என்று இத்தகைய குழந்தைகளிடம் உபதேசம் செய்வதில் என்ன பயன்? அன்பாயிருப்பது ஆபத்தில்லாத காரியம் என்பதை முதலில் அவர்களுடைய சூழ்நிலை அவர்களுக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். ஆகையால் உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, வழக்கங்களை ஏற்படுத்தினார் அந்த வைத்தியர்.

அவற்றுள் தலையாயது குழந்தைகளின் நீதிமன்றம். ஒருவன் தன்னை அடித்தான், ஏசினான், தன் பொருளை எடுத்தான் என்று எந்தக் குழந்தைக்கு மனக்குறை இருந்தாலும், அதனைப் பலகையில் எழுதிப் பதிவு செய்யலாம். மற்றொரு குழந்தையின்மீது வழக்குத் தொடுக்கலாம், தன்மீதே தொடுத்துக்கொள்ளலாம், ஆசிரியர்மீதும் தொடுக்கலாம். அந்த வாரத்தில் தம்மீது வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளுக்குள் சீட்டுப் போட்டு ஐவரை நீதிபதிகளாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆசிரியர் ஒருவர் காரியதரிசியாக அமர்ந்து வாக்குமூலங்களைத் திரட்டிப் படிப்பார்; தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது.

இந்த மன்றத்துக்கென்று கோர்ச்சாக் இயற்றிய சட்டத்தொகுதி, உலகத்துச் சட்டங்கள் எல்லாவற்றினின்றும் வேறுபட்டது. அதன் முதல் 99 பிரிவுகளும் குற்றம் சாட்டப்பட்டவனை விடுவிக்கும் பிரிவுகளே. அறியாமல் செய்தான், அச்சத்தால் செய்தான், பிறர் சீண்டியதால் செய்தான், செய்ததற்கு வருந்துகிறான் என்று ஒருவனை மன்னிப்பதற்கு எத்தனை நியாயங்கள் உண்டோ அத்தனையும் அங்கே எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. வழக்குத் தொடுத்தவனே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்கும் இடம் இருந்தது. 100ஆம் பிரிவுக்கு வந்த பிறகுதான், மன்னிப்பு அளிக்காமல், இவன் இதைச் செய்தான் என்று மன்றம் சொல்லும். அதற்குமேல் 200, 300 என்று படிப்படியாகக் கண்டனம் கடுமையாகும்; பெயரை இல்லத்தின் பத்திரிகையில் வெளியிடுவது, குடும்பத்தாருக்கு அறிவிப்பது என்று ஏறிச் சென்று, 1000ஆம் பிரிவில் இல்லத்தை விட்டு வெளியேற்றுவதில் முடியும். அங்கும்கூட, மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பம் செய்ய வழி வைத்திருந்தார். பிரம்படியோ பட்டினி போடுவதோ அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை. பெயரை வெளியிட்டு நாணச்செய்யும் நடுப்பிரிவுகள் எனக்கு உடன்பாடானவை அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூச்ச சுபாவமுள்ள ஒரு குழந்தைக்கு அது அடியைக் காட்டிலும் பெரிய தண்டனை.

ஆயினும் அந்த 99 பிரிவுகள் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நீதிபதியாக உட்காருகிறான். சென்ற வாரம் வரையில், எவனாவது தன்னை இடித்தால் அவன் வேண்டுமென்றேதான் இடித்தான் என்று எண்ணித் திருப்பி இடித்துப் பழகியவன். இப்பொழுதோ, வேறு இருவருக்கிடையே நிகழ்ந்த ஒரு சண்டையில், அடித்தவனுடைய உள்ளத்தில் அந்தக் கணத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஆராய்ந்து, எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேட வேண்டியவனாகிறான். பிறர் மனத்தை ஊகித்து அறியும் சக்தி என்று மனோதத்துவ அறிஞர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதற்கு இதைவிட நல்ல அப்பியாசத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் கண்டதில்லை. வழக்குத் தொடுத்த குழந்தைக்கோ வேறொரு பயிற்சி வாய்க்கிறது. தன் கோபத்தை வாக்கியமாக்கி எழுதுகிறது. விசாரணை வரும் வரையில் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பில் கோபத்தின் பெரும்பகுதி தானாகவே வடிந்துபோகிறது. எழுதிவைத்த வழக்கைத் தானே சென்று அழிக்கிற குழந்தை, மன்னித்தலை ஒருவரும் சொல்லாமலே கற்றுக்கொண்ட குழந்தையாகும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ஓர் அரையாண்டுக் காலத்தில் கோர்ச்சாக் ஐந்து முறை தம்மையே அந்த மன்றத்தின்முன் நிறுத்திக்கொண்டார். ஒரு பையனைக் காதோடு அறைந்தது, இன்னொருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிற்கவைத்தது, நீதிபதி ஒருவரை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருடினாள் என்று சந்தேகித்தது ஆகியவையே அந்த ஐந்து குற்றங்கள். ஐந்துக்கும் குழந்தைகள் மன்னிக்கும் பிரிவுகளின்படியே தீர்ப்பளித்தார்கள். தம்மைச் சட்டத்துக்கு உட்பட்ட ஆசிரியனாக ஆக்கியதற்கு அடிப்படை அந்த வழக்குகளே என்று அவர் பிற்பாடு எழுதிவைத்தார். நாடறிந்த எழுத்தாளர், வைத்தியர், இல்லத்தின் தலைவர்; அவர் பத்து வயதுப் பிள்ளைகளின் எதிரில் தம் கோபத்துக்குக் காரணம் கூறி நிற்கிறார். அந்தச் சிறுமியின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். நம்முடைய வீடுகளில் ஒரு பொருள் காணாமற்போய், குழந்தையின்மீது சந்தேகப்பட்டு, பிறகு அந்தப் பொருள் அலமாரிக்குப் பின்னால் அகப்பட்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பொருள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து விஷயத்தை மறந்துவிடுகிறோம், குழந்தை மறப்பதில்லை. அந்த இல்லத்திலோ, ஆதாரமின்றிச் சந்தேகிப்பது ஒரு குற்றம், அது பெரியவர் செய்தாலும் குற்றமே என்பது பலர் அறிய நிலைநாட்டப்பட்டது. அதைக் கண்ட மற்றக் குழந்தைகளுக்கு வேறொரு பேருண்மையும் விளங்கியிருக்கும்: தவறு செய்ததை ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு மனிதனுக்குரிய மரியாதை குறையாமலே இருக்கிறது. இதைப் பெரியவர் ஒருவர் தம் உடம்போடு நின்று காட்டினாலொழிய, ஆயிரம் நீதிக்கதைகளாலும் குழந்தையை நம்பவைக்க முடியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த மன்றம் தொடக்கமுதல் செவ்வனே நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அற்ப காரணங்களுக்காக வழக்குத் தொடுத்துப் பிறரைத் தொல்லைப்படுத்தியவர்கள் உண்டு. தீர்ப்பை ஏளனம் செய்தவர்கள் உண்டு. பிரம்புக்குப் பயந்த அளவு இந்தக் காகிதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். நிலைமை சீர்கெடவே, கோர்ச்சாக் மன்றத்தைச் சில வாரங்கள் மூடிவைத்தார். பிறகு விதிகளைத் திருத்தி மீண்டும் திறந்தார். இந்தத் தோல்வியை அவரே விரிவாக எழுதியிருப்பது எனக்கு அவர்மீது பெருமதிப்பை உண்டாக்குகிறது. ஒரு புதிய முறையைப் பள்ளியிலே தொடங்கி, இரண்டாவது மாதத்தில் குழப்பம் கண்டவுடன், இது நம் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று கைகழுவிவிடுகிற வழக்கம் நம்மிடம் மிகுதி. குழப்பம் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மன்றத்தைத் தவிர வேறு சிறிய வழக்கங்களும் அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. ஓயாமல் சண்டையிடும் ஒரு பையன் வாரந்தோறும் கோர்ச்சாக்கிடம் வந்து பந்தயம் கட்டலாம். இந்த வாரம் இத்தனை முறைக்குமேல் சண்டை போடமாட்டேன் என்பது பந்தயம், வென்றால் மிட்டாய். ஒரேயடியாகச் சண்டையை விட்டுவிடுகிறேன் என்று ஒருவன் சொன்னால் அவர் அதனை ஊக்குவிப்பதில்லை. நிறைவேற்றக்கூடிய எண்ணிக்கையாகச் சொல்லச்செய்து, வாரத்துக்கு வாரம் அதைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்வார். பந்தயத்தில் வென்றானா தோற்றானா என்பதற்குச் சாட்சி கேட்பதில்லை. பையனுடைய சொல்லே சாட்சி. பொய் சொல்லி மிட்டாய் வாங்கிப்போனவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் தன் சொல்லை ஒரு பெரிய மனிதர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார் என்ற அனுபவம், சந்தில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு அதற்குமுன் எங்கே கிடைத்திருக்கும்? கோபத்தை வேரோடு பிடுங்கிவிடு என்று நாம் குழந்தைகளிடம் கேட்கிறோம். பெரியவர்களாகிய நம்மால் இயலாத அந்தக் காரியத்தை அவர்களிடம் எதிர்பார்ப்பது எந்த நியாயத்தில் சேரும்?

புதிதாக வரும் குழந்தைக்குப் பெரிய பையனோ பெண்ணோ ஒருவர் மூன்று மாதம் காவலராக இருப்பார். அவர் தம் பொறுப்பிலுள்ள குழந்தையைப் பற்றி ஒரு குறிப்பேட்டில் எழுதிவர, கோர்ச்சாக் அதனைப் படித்துப் பதில் எழுதுவார். ஒவ்வொரு குழந்தைக்கும் சிறிய இழுப்பறை ஒன்று சொந்தமாக இருந்தது; கயிற்றுத் துண்டு, ஆணி, கூழாங்கல் என்று பெரியவர்கள் குப்பையாகக் கருதும் செல்வங்களை அதில் பூட்டிவைத்துக்கொள்ளலாம். பிறர் பொருளை மதிக்கும் குணம் தன் பொருள் மதிக்கப்பட்ட பிறகே தோன்றும் என்பது எவ்வளவு எளிய உண்மை! புதிதாக வந்த குழந்தைக்கு ஓராண்டு கழிந்தபின் அதைப் பற்றி மற்றவர்கள் வாக்களித்து, விரும்புகிறோம், விரும்பவில்லை, பொருட்டில்லை என்று தெரிவிக்கும் வழக்கமும் இருந்தது. இது விஷயத்தில் எனக்கு ஐயம் உண்டு. தன்னை எத்தனை பேர் வெறுக்கிறார்கள் என்பதை எண்ணிக்கையாக அறிந்துகொள்வது ஒரு குழந்தையைத் திருத்தவும் கூடும், முறித்துவிடவும் கூடும். காவலர் முறையை நம் பள்ளிகள் நாளைக்கே மேற்கொள்ளலாம்; இந்த வாக்கெடுப்பை மேற்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன்.

1919ஆம் ஆண்டில் கோர்ச்சாக், மரீனா பால்ஸ்கா என்ற அம்மையாருடன் சேர்ந்து, போலந்துத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக மற்றோர் இல்லத்தை நிறுவி, இதே முறைகளை அங்கும் நடத்தினார். 1926ஆம் ஆண்டில் வார்சாவின் யூத நாளிதழ் ஒன்றின் வெள்ளிக்கிழமை இணைப்பாக, குழந்தைகளே எழுதும் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1939இல் யுத்தம் மூளும் வரையில் அது வெளிவந்தது.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. 1940இல் நாஜிகள் அந்த இல்லத்தைச் சுவருக்குள் அடைபட்ட யூதர் சேரிக்கு மாற்றினார்கள். பசியும் நோயும் சூழ்ந்த அங்கே, 1942 ஜூலை 18ஆம் நாள், நம் மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகத்தை அக்குழந்தைகள் நடித்தார்கள். வெளியே செல்ல முடியாமல் சன்னலோரத்தில் அமர்ந்து, அரசனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் நோயாளிச் சிறுவனின் கதை அது. ஆகஸ்டு முதல் வாரத்தில், ஏறக்குறைய 200 குழந்தைகளோடு கோர்ச்சாக்கும் ஸ்டெபானியாவும் மற்ற ஊழியர்களும் திரெப்லிங்காவின் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தாம் மட்டும் தப்பிக்க வந்த வாய்ப்புகளை அவர் ஏற்கவில்லை. அந்த இறுதி யாத்திரையையே நினைத்து அவரை ஒரு தியாகியாக வணங்குவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்குமுன் முப்பது ஆண்டு அவர் செய்த வேலையை ஆராய்ந்து பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன். குழந்தைகளின் உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்த தேசம் போலந்து என்பதும், 1989இல் நிறைவேறிய அந்த உடன்படிக்கை குழந்தையின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்று விதிக்கிறது என்பதும் தற்செயலாக நேர்ந்தவை என்று என்னால் எண்ண முடியவில்லை.

இது ஒரு மகாபுருஷரின் தனித்திறமை, சாதாரணப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் மனப்பண்புகளை வளர்க்கும் பள்ளித் திட்டங்கள் 213இன் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சிலர் 2011இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் அதில் அடங்குவர். அத்தகைய பயிற்சி பெற்றவர்களின் நடத்தையோடு படிப்பும் உயர்ந்தது என்று அவர்கள் கண்டார்கள். வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து நடத்திய திட்டங்களைவிட, அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே நடத்திய திட்டங்களில்தான் படிப்பிலும் பயன் தெளிவாகத் தெரிந்தது. நாள்தோறும் குழந்தையோடு வாழ்கிறவரிடமிருந்துதான் அந்தப் பயிற்சி வரவேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பெரியவர்களிடம் அச்சம் அற்றுப்போனால் ஒழுங்கு என்னாகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. நூறு பிள்ளைகளும் மிகச் சில ஊழியர்களும் கொண்ட அந்த வீட்டில், பெருக்குவதும் துடைப்பதும் சமையலறைக்கு உதவுவதும் குழந்தைகளே பங்கிட்டுச் செய்த பணிகளாக இருந்தன. உணவு முடிந்தபின் தட்டுகளைத் திரட்டி எடுத்துச்செல்லும் வேலையைக் கோர்ச்சாக்கே செய்தார். அச்சத்தால் ஒழுங்கை நாட்டியிருந்தால் அத்தனை குழந்தைகளைக் கண்காணிக்க அவர்களுக்கு ஆள் ஏது?

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை ஆசிரியர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் எங்களைப் பிள்ளைகளுக்கு எதிரிலேயே கடிந்துகொள்கிறார். மேலதிகாரி அவரைக் கடிந்துகொள்கிறார். பெற்றோர் வந்து எங்கள்மீது பாய்கிறார்கள். இந்த நிலையில் குழந்தையிடம் பொறுமையைக் கற்பிக்க எங்களிடம் எது மிஞ்சியிருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில், நகரத்துப் பள்ளிகளுள் கடைசி வரிசையில் இருந்த இரண்டு பள்ளிகளில், ஜேம்ஸ் கோமர் என்ற மனநல வைத்தியர் 1968இல் தம் பணியைத் தொடங்கியபோது இதே நிலைமையைத்தான் கண்டார். ஆசிரியர்கள் பெற்றோரைப் பழித்தார்கள். பெற்றோர் ஆசிரியரைப் பழித்தார்கள். குழந்தைகள் இருவரையும் பார்த்துப் பழிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கோமர் குழந்தைகளிடம் முதலில் போகவில்லை. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர்கள், ஊழியர்கள் ஆகியோரின் பிரதிநிதிகளைக் கொண்டு ஒரு குழுவை அமைத்து, அதற்குச் சில விதிகளை வகுத்தார். எந்தப் பிரச்சினை வந்தாலும் யார்மீது குற்றம் என்று தேடுவதில்லை, எப்படித் தீர்ப்பது என்றே பேசுவது. பெரும்பான்மை வாக்கால் சிறுபான்மையை வீழ்த்தாமல், எல்லோரும் இசையும் வரையில் பேசி முடிவெடுப்பது. தலைமையாசிரியரின் அதிகாரத்தைக் குழு முடக்குவதில்லை, குழுவைக் கேளாமல் அவரும் நடப்பதில்லை. பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசும் முறை மாறியபின், சில ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் வருகையும் தேர்ச்சியும் உயர்ந்தன. அந்த முறை பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. இந்த அவையிலே ஆசிரியரும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தைக் குழந்தைகளைப் பற்றிய புகார்களோடு தொடங்காமல், அந்த மூன்று விதிகளை உங்களுக்குள் ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை விவாதிப்பதோடு தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த விவாதத்திலும் வாக்கெடுப்பு வேண்டாம்; எல்லோரும் இசையும் வரையில் பேசுங்கள்.